மெல்போர்னில் வாங்கிய இரட்டைக்குழல்

ஒரு பழைய அமெரிக்க இரட்டைக்குழல் துப்பாக்கி கைக்கு வந்ததும் நான் அதன்மேல் பொறித்திருக்கும் பெயரைப் படிக்கமாட்டேன். பெயர் ஆளை மயக்கிவிடும். உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முன்பிடியைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பேன். கீல் தளர்ந்திருந்தால் உள்ளே சின்னதாக ஒரு 'டக்' கேட்கும். பிறகு குழல்களை மட்டும் தனியே எடுத்து, ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுவேன். இரண்டு குழல்களையும் சேர்த்து ஒட்டியிருக்கும் பற்று கெடாமல் இருந்தால் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டியதுபோல நீளமாக ஒலிக்கும். பற்று விட்டிருந்தால் விரிசல் விட்ட பானையின் சத்தம்தான் வரும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பெயர், எண், செதுக்கு வேலை. எந்தக் கம்பெனி, எந்தக் கிரேடு, எந்த வருடம், யார் கை வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

வார நாட்களில் பிளாக்டவுனில் ஒரு மெஷின் ஷாப்பில் எனக்கு வேலை. கடைசல் முடிந்து வரும் பாகங்களை அளந்து சரிபார்ப்பவன். சனிக்கிழமைகளில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கி டீலருக்கு ஏலப் பட்டியல் எழுதிக் கொடுப்பேன். இருபது வருடமாக எழுதுகிறேன். நான் எழுதியதை நம்பி, பொருளைக் கண்ணால் பார்க்காமலேயே ஏலம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. இத்தனை தெரிந்த நான் ஒரு துப்பாக்கியைத் தப்பாகச் சொன்னேன். அதை என் பேச்சை நம்பி வாங்கியவர் என் நண்பர். அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

அவரை நான் சந்தித்தது சிட்னிக்கு மேற்கே உள்ள ஒரு சுடும் மைதானத்தில். களிமண் தட்டுகளை ஒரு இயந்திரம் வானத்தில் வீசும். பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் நின்றவர் வரிசையாக மூன்று தட்டுகளைத் தவறவிட்டுவிட்டு, "சீ, சனியன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஐசே, நீர் தமிழோ?"

"ஆமாண்ணே. மதுரைப் பக்கம்."

"நான் யாழ்ப்பாணம். இந்த ஊரிலை தட்டுச் சுடுற தமிழன் நான் ஒருத்தன்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ரயில் பெட்டிகளின் கதவுகளைப் பழுது பார்க்கும் வேலை. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. நான் நார்த்மீட். அன்று தொடங்கி, மழை இல்லாத சனிக்கிழமை காலைகளில் ஒருவர் காரில் மற்றவர் ஏறிக்கொள்வது வழக்கமாயிற்று. மைதானம் முடிந்ததும் நான் டீலர் கடைக்குப் போவேன். பல நாட்கள் அவரும் கூட வந்து, நான் பட்டியல் எழுதுவதைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்குச் சுடுவதைவிடத் துப்பாக்கி எப்படி மூடுகிறது என்பதில்தான் மோகம். நல்ல இரட்டைக்குழலை மடக்கி மூடும்போது சத்தமே வராது, பெட்டகக் கதவு மூடுவதுபோல ஒரு அழுத்தம் மட்டும் கைக்குத் தெரியும். "நான் நாள் முழுக்கக் கதவோட மல்லுக்கட்டுறன். ரெண்டு வருஷத்திலை ஆடத் தொடங்கிடும். இது நூறு வருஷமாப் பூட்டித் திறந்தும் ஒரு மயிரளவு இடைவெளி இல்லை, பாத்தீரோ" என்பார்.

அவர் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. போர்க்காலத்தில் ஊரைவிட்டு வந்தவர் அவர். அந்த வீட்டில் துப்பாக்கியைத் துவக்கு என்பார்கள். மனைவி வாயால் அந்தச் சொல்லைக்கூடச் சொல்லமாட்டார், 'அந்தச் சாமான்' என்பார். ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: அது வீட்டுக்குள் வரக்கூடாது. அண்ணன் கராஜில் இரும்புப் பெட்டகத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கி, போலீஸ்காரர் வந்து பார்த்துப்போன பிறகுதான் முதல் துப்பாக்கியை வாங்கினார். துடைப்பதும் எண்ணெய் போடுவதும் கராஜிலேயே.

பழைய அமெரிக்கத் துப்பாக்கி ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் என் களம். இங்கிலாந்துத் துப்பாக்கியில் குழலைச் சோதித்துப் பார்த்த அரசு முத்திரைகள் இருக்கும். அதைப் படித்தே பாதிக் கதை சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இருக்கவில்லை. செய்த கம்பெனி தானே அடித்த எண்களும் எழுத்துகளும்தான். நூறு வருடத்தில் பல கை மாறியிருக்கும். யாரோ குழலை வெட்டிக் குட்டையாக்கியிருப்பார்கள், யாரோ பின்கட்டையை மாற்றியிருப்பார்கள். கண்ணும் விரலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். "அதுக்குத்தானே நீர் இருக்கிறீர்" என்றார் அண்ணன்.

ஒரு வருடம் தேடினோம். வந்த பத்துப் பதினைந்தை நானே வேண்டாம் என்றேன். ஒன்றில் குழல்வாய்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெட்டாத குழல்கள் நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்றில் உடம்பில் ஓர் எண், முன்பிடியில் வேறு எண். அண்ணனுக்கு என்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. எனக்கும்தான், என்மேல்.

பிறகு மெல்போர்னிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. இறந்துபோன ஒருவரின் துப்பாக்கிகளை அங்குள்ள டீலர் விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஒன்று, அமெரிக்காவில் பேர்பெற்ற கம்பெனி, உயர்ந்த கிரேடு. செதுக்கு வேலை கூடக் கூடக் கிரேடும் விலையும் ஏறும். படத்தைப் பார்த்ததும் அண்ணன் போன் செய்தார். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு விடிந்ததும் கிளம்பினோம். ஒன்பது மணி நேர ஓட்டம். அண்ணி இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்திருந்தார். ஹியூம் ஹைவேயில் ஏதோ ஒரு ரெஸ்ட் ஏரியாவில் காரின் பானட்மேல் வைத்துச் சாப்பிட்டோம். அண்ணன் கை கழுவிக்கொண்டே, "கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கப் போனபோதுகூட எனக்கு இப்பிடி நெஞ்சு இடிக்கேல்லை. வீட்டை போய்ச் சொல்லிப் போடாதையும்" என்றார்.

தோல் பெட்டியிலிருந்து டீலர் அதை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு பக்கம், முன்னங்காலைத் தூக்கியபடி மோப்பம் பிடித்து நிற்கும் நாய். மறுபக்கம், புல்லிலிருந்து எழும் இரண்டு பறவைகள். சுற்றிலும் கொடிகள். இரும்பை நெருப்பில் பதம் வைக்கும்போது வரும் நீலமும் பழுப்பும் கலந்த நிறம் இன்னும் மங்காமல் இருந்தது.

"ஐசே, இந்த நாயைப் பாரும். மூச்சு விடுது."

நான் ஆட்டிப் பார்த்தேன், சத்தமில்லை. சுண்டினேன், ஒலித்தது. உடம்பு, குழல், முன்பிடி மூன்றிலும் ஒரே எண். குழலுக்கு அடியில் மறைவான இடத்தில் கிரேடு எண், செதுக்கு வேலைக்குப் பொருத்தமாக. குழல் சுவரின் கனத்தை அளந்தேன், அபாரமாக இருந்தது.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. மரமும் இரும்பும் சேரும் விளிம்பில் மரம் ஒரு நூலிழை உயர்ந்து நின்றது. கம்பெனியில் இரண்டையும் சேர்த்தே தேய்ப்பார்கள். விரலை ஓட்டினால் தட்டக்கூடாது. தட்டினால், பின்னால் யாரோ இரும்பை மட்டும் தேய்த்திருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிந்தும், மெல்போர்ன் ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாயும் பறவைகளும் எனக்கும் பிடித்திருந்தன. ஒரு வருடம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் 'இதுதான்' என்று சொல்கிற ஆளாக இருக்க ஆசைப்பட்டேன்.

அண்ணன்தான் கேட்டார். அந்தக் கம்பெனியின் பழைய பதிவேடுகள் அமெரிக்காவில் இருக்கின்றன. எண்ணை எழுதி அனுப்பினால், அது என்ன கிரேடில், எத்தனை அங்குலக் குழலோடு, எந்தக் கடைக்குப் போனது என்று கடிதம் போடுவார்கள்.

"கடிதம் எழுதிக் கேட்டுப்போட்டு வாங்குவமோ? ரெண்டு மூண்டு மாசம்தானே."

"அதுக்குள்ள வேற யாராவது வாங்கிட்டுப் போயிடுவாங்கண்ணே. கடிதம் எதுக்கு? நான் இருக்கேன்ல?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டீலரிடம் தலையை ஆட்டினார். இரண்டு வருட ஓவர்டைம் அது.

சட்டப்படி துப்பாக்கி எங்களோடு வர முடியாது. பர்மிட் வந்து, டீலர் கை மாறி சிட்னிக்கு வர ஆறு வாரம் ஆயிற்று. அன்று திரும்பும் வழியெல்லாம் அண்ணன் போனில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். கல்போர்ன் தாண்டியதும், "திரும்ப ஒருக்காச் சொல்லும், ஏன் இது நல்லது எண்டு" என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மரத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆறு வருடம். மைதானத்துக்கு அதைத்தான் கொண்டுவருவார். யாராவது அருகில் வந்து விசாரித்தால் என்னைக் கைகாட்டுவார்: "இவரைக் கேளுங்கோ, இவர்தான் கண்டுபிடிச்சவர்." நான் விளக்குவேன். ஒருநாள் கன்பராவிலிருந்து ஒரு கிழவர் வந்திருந்தார், இந்த வகைத் துப்பாக்கிகளை நன்றாக அறிந்தவர். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணன் சட்டென்று துப்பாக்கியை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து, "நேரமாச்சு, போவம்" என்றார். காரில் நான் கேலி செய்தேன். "என்னண்ணே, பொண்டாட்டியை எவனோ பார்த்த மாதிரிப் பொத்திக்கிட்டீங்க?" அவர் சிரித்தார்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆறு வருடத்தில் அவர் வேறு எந்தத் துப்பாக்கியைப் பற்றியும் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. டீலர் கடைக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, போதும் என்று இருக்கிறார் என நினைத்தேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அவருக்கு வயிற்று வலி வந்தது. கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். முற்றியிருந்தது. கீமோ கொடுத்தார்கள், நிறுத்தினார்கள். நான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் போகவேண்டிய அளவுக்குப் போகவில்லை. வேலை என்றேன், இருமல் என்றேன், அவருக்குத் தொற்றிவிடும் என்றேன். மெலிந்துபோன அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை என்பதுதான் உண்மை.

கடைசியாகப் பார்த்தது அவர் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால். முன் அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். அண்ணி தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனதும், அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"ஐசே, அந்தத் துவக்கை நீர் எடும்."

"என்னண்ணே பேசறீங்க?"

"நீர் எடும். உம்மடை பேரிலை மாத்தும். விக்க வேண்டாம், ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம். நீரே வைச்சிரும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். மறுப்பதுதான் மரியாதை என்றும் நினைத்தேன்.

"வேணாம்ணே. அதோட விலை உங்களுக்குத் தெரியும்ல? ஒரு புதுக் கார் வாங்கலாம். உங்க பாப்பா யூனிவர்சிட்டி படிப்புக்கு ஆகும். நானே நல்ல விலைக்கு வித்துக் கொடுக்கறேன்."

அவர் கையை எடுக்கவில்லை. "நான் சொல்லுறதைக் கேளும்" என்றார். நான் கேட்கவில்லை. சும்மா இருங்கண்ணே, நீங்க எழுந்து வந்து நாம திரும்பப் போகப் போறோம் என்று ஏதோ உளறினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். களைப்பு என்று நினைத்து எழுந்தேன்.

எழுந்தவன் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். குசினிக்குப் போனேன். அடுப்பருகே நின்றிருந்த அண்ணியிடம், "அந்தத் துப்பாக்கியைப் பத்திக் கவலைப்படாதீங்க அண்ணி. அது ஒண்ணே பாப்பாவோட ரெண்டு வருஷப் படிப்புக்குப் போதும். நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் முதல்தடவையாக அந்தச் சாமானைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்டதுபோல என்னைப் பார்த்தார். "உண்மையோ தம்பி?" என்றார். "சத்தியமா" என்றேன்.

அவர் போன பிறகு மூன்றாவது வாரம் அண்ணி போன் செய்தார். "அதை வந்து எடுத்துக்கொண்டு போங்கோ தம்பி. எனக்கு அது கராஜுக்குள்ளை இருக்கிறது நெஞ்சுக்குள்ளை இருக்கிற மாதிரிக் கிடக்கு." லைசென்ஸ் உள்ள டீலர்தான் எடுக்க வேண்டும் என்பதால் கடை முதலாளியும் என்னோடு வந்தார். பெட்டகத்தைத் திறந்து, தோல் பெட்டியையும் அதன்மேல் இருந்த காகித ஃபைலையும் எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினோம். அண்ணி கராஜுக்குள் வரவில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த சனிக்கிழமை கடையில் உட்கார்ந்து பட்டியல் குறிப்பு எழுதத் தொடங்கினேன். கம்பெனி, கிரேடு, குழல் நீளம். நன்றாகவே எழுதினேன், அவருக்குச் செய்கிற கடைசிக் காரியம் என்று. வாங்கிய ரசீதைத் தேடி ஃபைலைத் திறந்தேன். ரசீதுக்குப் பின்னால் அமெரிக்கத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று இருந்தது.

உள்ளே ஒற்றைத் தாள். மடிப்புகள் நைந்திருந்தன, பலமுறை பிரித்துப் படித்து மடித்த தாள். அந்த எண்ணுள்ள துப்பாக்கி கம்பெனியைவிட்டு வெளியே போனபோது ஆகக் குறைந்த கிரேடு என்று இருந்தது. செதுக்கு வேலை எதுவும் இல்லாத வெறும் துப்பாக்கி. கீழே தேதி. வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது அப்போது.

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஒவ்வொன்றும் கண்ணுக்குமுன் வந்து நின்றது. திருகாணிகளைச் சுற்றி இரும்பு கிண்ணம்போல லேசாகக் குழிந்திருந்தது, தேய்த்த அடையாளம். கம்பெனிப் பெயரின் எழுத்துகள் ஓரம் மழுங்கியிருந்தன. ஆனால் நாயின் ஒவ்வொரு மயிரும் கூர்மையாக இருந்தது. ஒரே வயதுடையவை என்றால் இரண்டும் ஒரே மாதிரித்தானே மழுங்கும்? கிரேடு எண்ணுக்கு அடியில், சாய்வான வெளிச்சத்தில், சுரண்டி அழித்த இன்னொரு எண்ணின் தடம். யாரோ ஒரு கைதேர்ந்த ஆள் எப்போதோ ஒரு சாதாரணத் துப்பாக்கியைத் தேய்த்து, செதுக்கி, மறுபடி பதம் வைத்து நிறம் ஏற்றியிருக்கிறார். மரம் ஈரத்தில் ஊதவில்லை.

முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். கடிதத்தைப் படித்தார். என் தோளில் கையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆறு வருடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னைக் கைகாட்டி, 'இவர்தான் கண்டுபிடிச்சவர்' என்றிருக்கிறார். கன்பராக் கிழவர் பூதக்கண்ணாடியோடு வந்தபோது பொத்தியது துப்பாக்கியை அல்ல, என்னை. கட்டிலில் கிடந்து கையைப் பிடித்துக் கேட்டாரே, அதுவும் அதற்குத்தான். நான் எடுத்துக்கொண்டிருந்தால் அது ஏலத்துக்கு வராது, யாரும் பார்க்கமாட்டார்கள், என் பிழை என் பெட்டகத்திலேயே கிடந்திருக்கும். நான் சும்மா இருங்கண்ணே என்றேன்.

மூன்று நாள் யோசித்தேன். நானே அதை வாங்கிக்கொண்டு, சொன்ன விலைக்கு விற்றதாக அண்ணியிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவர் இல்லாத இடத்தில் இன்னொரு பொய்யை அவர் பேரில் வைக்க மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் வென்ட்வேர்த்வில் போனேன்.

அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணி, அந்தத் துப்பாக்கி நான் சொன்ன விலைக்குப் போகாது."

"ஏன் தம்பி, இப்ப சனம் வாங்குறதில்லையோ?"

"அதில்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன். அது சாதாரணத் துப்பாக்கி. யாரோ பின்னாடி வேலை செஞ்சு ஒசத்தியா மாத்தியிருக்காங்க. நான் அன்னிக்கே கண்டுபிடிச்சிருக்கணும். அண்ணன் கடிதம் எழுதிக் கேப்போம்னார். நான்தான் வேணாம்னேன்."

அவர் பெருமூச்சு விட்டார்.

"சரி, விடுங்கோ. மனிசர் பிழை விடுறதுதானே. பிள்ளைக்கு எப்பிடியும் பாப்பம். இதுக்காகவோ மூண்டு நாளா போன் எடுக்கேல்லை?"

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். மன்னித்துவிட்டார். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் எனக்கு மனம் தாங்கவில்லை. அவர் கணவர் எப்படிப்பட்ட மனிதர் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினேன்.

"அண்ணனுக்கு இது முன்னாடியே தெரியும் அண்ணி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு வருத்தமாயிடும்னு ஆறு வருஷமா மறைச்சு வெச்சிருக்காரு."

அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. தேதியைப் பார்த்தார். அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாசம் எனக்கு நல்ல ஞாபகம்" என்றார். குரல் மாறியிருந்தது. "இந்த மாசம் முழுக்க இவர் என்னோட கதைக்கேல்லை. வேலையாலை வருவார், சாப்பிடுவார், படுப்பார். அந்தச் சாமான் வந்ததுக்கு நான் சண்டை பிடிச்சனான்தானே, அந்தக் கோவம் எண்டு நினைச்சன். நான் மன்னிப்புக் கேட்டனான் தம்பி. இந்தக் கதிரையிலை இருந்துதான் கேட்டனான். அப்பவும் இவர் சொல்லேல்லை. பரவாயில்லை எண்டு மட்டும் சொன்னவர்."

நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை வந்தா உங்களோட சிரிச்சுக்கொண்டு போவார். நான் ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிப்பன், வெளியிலை எண்டா என்ன சந்தோசம் எண்டு." உறையை மடியில் வைத்தார். "உங்களுக்கு நோகக்கூடாது எண்டு பாத்தவர். எனக்கு நோகும் எண்டு பாக்கேல்லை."

"அண்ணி, அவர் அப்படி நினைச்சிருக்க மாட்டாரு."

"அவர் என்ன நினைச்சவர் எண்டு எனக்கு இனி எப்பிடித் தெரியும்? யாரைக் கேக்கிறது?"

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். கடிதத்தைத் திரும்ப என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"நீங்க போயிட்டு வாங்கோ, தம்பி."

கோப்பையில் தேநீர் அப்படியே இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு காருக்கு வந்து உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் சாவியைத் திருப்பத் தோன்றவில்லை. இறந்துபோனவரைப் பற்றி ஒரு நல்ல செய்தி கொண்டுபோவதாக நினைத்துத்தான் அந்த வாசல்படி ஏறினேன். முப்பது வருடம் அவரோடு வாழ்ந்தவரிடமிருந்து, சண்டையின் கோபம் என்று நினைத்து ஆறிப்போயிருந்த ஒரு மாதத்தைப் பறித்துவிட்டு இறங்கினேன்.

பட்டியல் குறிப்பைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். குறைந்த கிரேடு, பிற்காலச் செதுக்கு வேலை, மறுபதம், கம்பெனிப் பதிவுக் கடிதம் இணைப்பு. இருபது வருடத்தில் நான் எழுதிய குறிப்புகளில் அதுதான் ஆகச் சிறியது, ஆக நேரம் எடுத்ததும் அதுதான். ஏலத்தில் டபோவிலிருந்து வந்த ஒருவர் எடுத்தார். நாய் அழகாக இருக்கிறது என்றார். சுட்டுப் பழக இது போதும் என்றார். கடையிலிருந்து நேரே அண்ணியின் கணக்குக்குப் பணம் போயிற்று.

அதன் பிறகு நான் போன் செய்தபோதெல்லாம் மகள்தான் எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறவள். "அம்மா படுத்திருக்கா, அங்கிள். ஐ வில் டெல் ஹர்." குரலில் கோபம் இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நாலைந்து முறைக்குப் பிறகு நானும் விட்டுவிட்டேன்.

டீலரிடம் இன்னும் சனிக்கிழமைகளில் போகிறேன். இப்போது கடிதம் வராமல் கிரேடு எழுதுவதில்லை. முதலாளிக்கு அதில் எரிச்சல்தான், விற்பனை தள்ளிப்போகிறது. மைதானத்துக்குப் போவதில்லை. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், முடியவில்லை.

இரண்டு மாதம் முன்பு அவருடைய ஆட்டைத் திவசம், முதல் வருடத் திதி. கோயில் மண்டபத்தில் மதியச் சாப்பாடு என்று எல்லோருக்கும் போன பொதுச் செய்தி எனக்கும் வந்தது. போனேன். படத்துக்குப் பூப் போட்டுவிட்டு, பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அண்ணி வாளியும் கரண்டியுமாகப் பருப்பு பரிமாறிக்கொண்டு வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என் இலைக்கு முன்னால் நின்று ஒரு கரண்டி போட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். திட்டினாலும் சரி என்று இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடவோ?" என்றார்.

"போதும் அண்ணி."

அவர் அடுத்த இலைக்குப் போனார்.